ஐந்தை அமுக்கினால் கேட் திறக்கும்

எங்கள் பள்ளிக்கூடத்து டெலிபோன் ஆப்பரேட்டரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி அவரைப் பற்றி நல்லதாகவே நிறைய எழுதப்போகிறேன். அதைப் படித்துவிட்டு, எழுதியவரும் பெரிய மனசுக்காரர் போலிருக்கிறது என்று யாராவது ஏமாந்துவிடக் கூடாது.

தர்மபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது பள்ளி. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. பெண் பிள்ளைகளுக்கு விடுதியும் உண்டு. நான் அங்கே ஆபீஸ் மேனேஜர். ஆப்பரேட்டர் ஒரு பொம்மிடிக்கார அம்மாள். பிறவியிலிருந்தே அவருக்குக் கண் தெரியாது. பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவோடு இருக்கிறார். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் அழைப்பு முதலில் அவரிடம்தான் போகும். யாருக்கு என்று கேட்டு, அந்த அறைக்கு இணைத்துக் கொடுப்பார். எனக்கு முன்னாலேயே அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர்.

போன மழைக்காலத்தில் இடி இறங்கி, அவருடைய பழைய டெலிபோன் போர்டு ஒரேயடியாகக் கருகிப்போனது. சேலத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். இன்டர்நெட்டில் ஓடும் போன் போடலாம் என்றார். மேசைக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு நம்பர், யாரை வேண்டுமோ அவரையே நேராகக் கூப்பிடலாம். அப்போது எங்கள் வாட்ச்மேனும் மூட்டுவலி தாங்காமல் நின்றுவிட்டிருந்தார். அடுத்து வந்த இரண்டு பேரும் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. “கேட்டையும் இதுலயே சேத்துடலாங்க” என்றார் டெக்னீஷியன்.

அப்படித்தான் கேட் தூணில் ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு பொத்தான், கடுகளவு கேமரா, பேசவும் கேட்கவும் சின்ன ஓட்டைகள். வந்தவர் பொத்தானை அமுக்கினால் ஆபீஸில் போன் அடிக்கும். எடுத்துப் பேசிவிட்டு ஐந்தாம் எண்ணை அமுக்கினால், மோட்டார் ஓடி, அந்தப் பெரிய இரும்பு கேட் தானாக நகர்ந்து வழிவிடும். மறுபடி ஐந்தை அமுக்கினால் மூடிக்கொள்ளும். பள்ளி பஸ்கள் வரிசையாக வந்து போக வேண்டும் என்பதால், அதுவாக மூடுகிற மாதிரி வைக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “செல்போன்லயும் போட்டுக்கலாம் சார், பெங்களூர்ல இருந்துகூடத் தொறக்கலாம்” என்று டெக்னீஷியன் சொன்னதை அன்றே செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டி மார்க்கெட்டில், தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபடி, என் மச்சானுக்குக் காட்டுவதற்காக எங்கள் பள்ளி கேட்டை இரண்டு முறை திறந்து மூடினேன். மூன்றாவது முறைக்குள் தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். “சார், கேட்டுக்குப் பேய் புடிச்சிருக்கு, உடனே வாங்க” என்றார். பேய் யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் நேராகவே கூப்பிட முடிகிறது. இனி ஆப்பரேட்டர் என்று ஒருவர் வேண்டுமா? “ஒரு மாசம் நல்லா கவனிச்சு எழுதிக் குடுங்க. அதை வெச்சு முடிவு பண்ணிக்கலாம்.” அந்த மாதம் முழுக்க, கேட்டில் பொத்தானை அமுக்கினால் ஆப்பரேட்டர் மேசையிலும் என் மேசையிலும் சேர்ந்தே மணி அடிக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரும் அதே லைனில் நுழையலாம். என் மேசையில் கேட்டின் படம் தெரியும் திரை இருந்தது. அவர் மேசையில் திரைக்கு வேலை இல்லை. சரிக்குச் சமமான போட்டிகூட இல்லை, நாம்தான் ஜெயிப்போம் என்று நினைத்தேன்.

முதல் நாள் மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தேன்.

“யாருங்க?”

“நான்தாங்க.”

“நான்தான்னா யாருங்க?”

“அட, நான்தாங்க சார்.”

திரையைப் பார்த்தால் அதில் ஒரு காது. பெரிய காது, அதில் நாலைந்து நரைமுடி. பெட்டியிலிருந்து குரல் வருகிறதே என்று மனிதர் அதில் காதை ஒட்டவைத்துவிட்டார். போன் என்றால் காதில் வைப்பதுதானே? அந்த மாதம் நான் பார்த்த காதுகளைப் போல என் ஆயுளில் பார்த்ததில்லை. தோடு போட்ட காது, பீடி செருகிய காது, தலைத்துண்டு மூடிய காது. முகம் மட்டும் தெரியவே தெரியாது. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றால் ரோடு வரைக்கும் தள்ளிப் போய் நின்றுகொள்வார்கள்.

அதே ‘நான்தாங்க’ ஆப்பரேட்டருக்கு வந்தால் கதையே வேறு. “சிலிண்டரா? சளி இன்னும் வுடலயாட்டம் இருக்குது. பின்பக்கம் போங்க, சமையல்கார அக்கா இருக்காங்க.” கட்டை விரல் ஐந்துக்குப் போய்விடும். ஐந்தின் மேல் மட்டும் ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். புதுப் போன் வந்த அன்றே அதைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மற்ற எண்களைக் கணக்கு வைத்துக்கொண்டார். நாற்பது அறைகளின் புது நம்பர்களை நான் ஒரு முறை வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மனப்பாடம். நான் இன்றுவரை சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் குரல் அத்தனையும் அவருக்கு அத்துபடி. அரூர்க்காரர்கள் பேச்சு எது, கிருஷ்ணகிரி எல்லைப்பக்கத்துக் கன்னட வீட்டுக்காரர்கள் பேச்சு எது என்று பிரித்துச் சொல்வார். வந்தவர் பேசுவதற்கு முன்னாலேயே வண்டிச் சத்தத்தை வைத்து, “பால் வண்டிங்க சார்” என்பார். எனக்குப் பொறாமையாக இருந்தது. கண்ணும் திரையும் கையில் வைத்துக்கொண்டு தினமும் தோற்றுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரியாது? அந்த எரிச்சலோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து அறிக்கையைத் தட்டினேன். ‘மேற்படி பணியிடம் இனித் தேவையில்லை எனக் கருதுகிறேன்’ என்று முடித்து, சிஸ்டர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மதியம் கேட் மணி அடித்தது. ஆப்பரேட்டர் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். ஆறாம் வகுப்புப் பெண் ஒன்றின் அப்பா. தீர்த்தமலைப் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பெற்றோர் வரலாம், அது விடுதிச் சட்டம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அம்மாள் யாரிடமோ ரொம்ப நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதுதான். ஒரு கேட்டைத் திறக்க இவ்வளவு பேச்சா என்று லைனில் நுழைந்தேன். காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்.

“சரிங்க்கா. அப்ப வரேங்க.”

வரட்டுமே என்று ஐந்தை அமுக்கினேன்.

நம் ஊரில் யாராவது கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்வார்களா? சொன்னால் அபசகுனம் என்று வீட்டிலேயே திட்டு விழும். நானும் பிறந்ததிலிருந்து ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் கையில் பொத்தான் இருந்தபோது அது என் மண்டைக்கு எட்டவில்லை. கிளம்பிப் போகிறவருக்கு கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் பைக்கை உதைத்துக் கிளம்பியே போய்விட்டார். திரையில் ஆள் இல்லை, உள்ளே வந்துவிட்டார் போலிருக்கிறது என்று ரிஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்தேன்.

“சார்,” போனில் ஆப்பரேட்டர் குரல். “கேட் ஓடுற சத்தம் கேக்குது. நான் தொறக்கல.”

“நான்தான் தொறந்தேன். அவரு வரேன்னாரே?”

“ஐயோ, அவரு போயிட்டாருங்க சார்!” உடனே குரல் இறங்கியது. “இருங்க. யாரோ ஓடுறாங்க. கொலுசு. சின்னப் புள்ள.”

கேட்டுக்கு வெளியே பத்தடியில் லாரிகள் பறக்கிற ரோடு. அப்பா வந்திருப்பதைக் கம்பி இடுக்கில் பார்த்துவிட்டு அந்தப் பெண் உள்ளே நின்றிருக்கிறது. கேட் திறந்ததும் பைக்கின் பின்னாலேயே ஓடியிருக்கிறது. நான் எழுந்தேன், ஆனால் ஆபீஸ் இருப்பது மாடியில். ஓடினாலும் இரண்டு நிமிடம் ஆகும்.

ஆப்பரேட்டர் கத்தவில்லை. கேட் பெட்டியின் ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொலுசுச் சத்தத்தைக் கேட்டு யார் என்று யூகித்தாரா, அப்பா வந்து போனதை வைத்துக் கணக்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. “கண்ணு, அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிட்டுப் போனாரு. வந்து கேட்டுட்டுப் போ.”

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அது கடந்து முடிகிற வரை நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் திரையில் ஒரு காது வந்து ஒட்டியது. சின்னக் காது, அதில் ஒரு கல் தோடு. வாழ்நாளில் எதையும் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“என்னங்க்கா சொன்னாரு?”

“உங்க ஆடு குட்டி போட்டிருக்குதாம். ரெண்டு. ஒண்ணு முழுக் கறுப்பாம், ஒண்ணுக்கு நெத்தியில மட்டும் வெள்ளையாம். வெள்ளை நெத்திக்கு நீதான் பேரு வெக்கணுமாம். என்ன பேரு வெப்ப, யோசிச்சுச் சொல்லு.”

அந்தப் பெண் யோசித்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் படியில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்து, அதன் கையைப் பிடித்தேன்.

குழந்தையை நிறுத்திவைக்க அந்த நேரத்தில் கட்டிவிட்ட கதை என்றுதான் நினைத்தேன். இல்லை. அந்த அப்பா நிஜமாகவே சொல்லிவிட்டுப் போன செய்தி அது. அறுபது கிலோமீட்டர் வந்தவரை ‘ஞாயித்துக்கிழமை வாங்க’ என்று ஒரே வரியில் அனுப்பாமல், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு, ஆட்டுக்குட்டியின் நெற்றி வரை விசாரித்து வைத்திருக்கிறார். நான் எடுத்திருந்தால் அந்த மனிதர் வாயைத் திறப்பதற்கு முன்னால் லைனை வெட்டியிருப்பேன். அப்புறம் அந்தக் குழந்தையைத் திரும்ப அழைக்க என்னிடம் ஒரு சொல்கூட இருந்திருக்காது. அவரை மெச்சுவதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

மறுநாள் சிஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கேட்டை யார் திறந்தது என்று கேட்டார். எந்தப் போனிலிருந்து திறந்தது என்று அந்தச் சிஸ்டம் எழுதி வைத்துக்கொள்ளும். அதைப் பார்க்கத் தெரிந்தவன் அந்தப் பள்ளியில் நான் ஒருவன்தான். ஆப்பரேட்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, பழியைத் தலையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பார்வையில்லாத அம்மாள் தவறுதலாக அமுக்கிவிட்டார் என்றால் யாரும் நம்புவார்கள். அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைப்பானேன். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

சிஸ்டர் திட்டினார். நியாயமான திட்டு. இனி கேட் அழைப்பு ஆப்பரேட்டருக்கு மட்டும் போகட்டும், என் மேசையிலும் செல்போனிலும் அந்த ஐந்து வேலை செய்யக் கூடாது என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். “இந்த அறிக்கைய நீங்களே வெச்சுக்கோங்க சார். அந்த வேலை இருக்கும்.”

வெளியே வந்ததும் ஆப்பரேட்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“என்னைப் பத்தி எழுதுனதுங்களா சார் அது?”

“ஆமாம்மா.”

“சிஸ்டரு படிச்சுட்டாங்க. எனக்குத்தான் யாரும் படிச்சுக் காட்டல. நீங்களே படிங்க.”

எட்டு வரிதான். நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டோ, மாற்றியோ படிக்கலாம். அவரால் தாளைச் சரிபார்க்க முடியாது. ஆனால் என் குரலைச் சரிபார்த்துவிடுவார் என்று பயந்தேன். முழுவதும் படித்தேன். அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

“தேதி போட்டிருக்கீங்களா?”

“போட்டிருக்கேன். செவ்வாக்கிழமை.”

“அன்னைக்கு வரைக்கும் நான் என்னங்க சார் தப்புப் பண்ணேன்?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப அதையும் அதுலயே எழுதிருங்க.”

பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதையும் படிக்கச் சொன்னார். படித்தேன்.