சோப்பு சிஸ்டரின் கட்டைவிரல்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை சோப்பு சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. யாராவது கை கழுவாமல் நழுவினால் அவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். வாயைத் திறந்தால் வார்டே கிடுகிடுக்கும். திட்டி முடித்த கையோடு, திட்டு வாங்கியவளைக் கூப்பிட்டுத் தன் டிபன் டப்பாவில் பாதியைக் கொடுப்பதும் அவர்தான். நல்ல மனுஷி, நாக்குதான் கொஞ்சம் நீளம்.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவது அவருக்கு அறவே ஆகாது. "அதுக்கென்ன குளிரா அடிக்குது, தொப்பி போட்டு விடுறீங்க? அப்படியே ஊசி டப்பாவுல போடுங்க!" என்பார்.

அன்று காலை வார்டுத் தட்டில் மூடி மாட்டிய ஊசி ஒன்று கிடந்தது. சிஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையுறைகூடப் போடாமல் வெடுக்கென்று எடுத்து, "யார் பார்த்த வேலை இது?" என்று ஆட்டினார். கோணலாகச் செருகிய மூடியின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு ஊசிமுனை வெளியே நின்றதை அவர் பார்க்கவில்லை. கட்டைவிரலில் சுருக்கென்றது.

யாரும் கவனிக்கவில்லை. ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு, விரலை மடக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவினார். யாருக்குப் போட்ட ஊசியோ, யார் ரத்தமோ. வெளியே சொன்னால் மானம் கப்பலேறிவிடும். தையல்காரரான கணவருக்குப் போன் செய்தார்.

"இதுல என்ன வெட்கம்? எனக்கு ஊசி குத்தினா கடைத்தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறேன்ல? போய்ச் சொல்லும்மா. நான் இதோ கடையைச் சாத்திட்டு வரேன்" என்றார் அவர்.

சிஸ்டர் வார்டு நடுவில் வந்து நின்றார். "எல்லாரும் கேளுங்க. எனக்கு ஊசி குத்திடுச்சு. என் அவசரப்புத்திதான். டாக்டர்கிட்ட போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அறை வாசலில் யாரோ பின்னாலிருந்து அவர் புடவையைத் தொட்டார்கள். வார்டு கூட்டும் பெண்.

"சிஸ்டர், எனக்கும் குத்திடுச்சு. நேத்து, குப்பைப் பை கட்டும்போது. விரலை வாயில வெச்சு உறிஞ்சிட்டேன்."

அது செய்யவே கூடாத காரியம். நாக்கு நுனி வரை வந்த திட்டை சிஸ்டர் விழுங்கிக்கொண்டார். "ஏன்டி நேத்தே சொல்லல?"

"நீங்க திட்டுவீங்கன்னு." அவள் அழத் தொடங்கினாள். "வீட்டுக்குப் போனா பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு சிஸ்டர்."

"தூக்கினாலோ கொஞ்சினாலோ ஒண்ணும் ஒட்டாதுடி" என்று சிஸ்டர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். ஊரையெல்லாம் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த தன் வாய்தான் இவள் வாயை அடைத்தது என்பது சிஸ்டருக்குத் தாங்க முடியவில்லை.

டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்தார். "எச்.ஐ.வி. தொத்தாம இருக்கத் தர்ற மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நேத்து குத்தினதுக்கு இன்னும் நேரம் இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்" என்றார்.

மாத்திரை இருவரையும் பாடாய்ப்படுத்தியது. ஒருத்திக்குக் குமட்டினால் மற்றவள் முதுகைத் தடவினாள். தையல்காரர் தினமும் இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்தார். இப்போதெல்லாம் ஊசி குத்திவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் சிஸ்டர் முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுகிறார். மூடி மாட்டியவர்களுக்கு மட்டும் பழைய அர்ச்சனை அப்படியே நடக்கிறது.

சில மாதங்கள் கழித்துக் கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்தது. இருவருக்கும் ஒன்றுமில்லை. அன்று பிள்ளையோடு வந்திருந்த வார்டு கூட்டும் பெண், குழந்தையை அப்படியே தூக்கி சிஸ்டரிடம் நீட்டினாள்.

"இரு இரு, கையைக் கழுவிட்டு வரேன்" என்று சிஸ்டர் குழாயடிக்கு ஓடினார். கை கழுவப் போனவர், வெகுநேரம் கழித்து முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தார்.