செல்வி கேட்டு வாங்கிய மஞ்சள் பெட்டி

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், பெங்களூர் போகும் லாரிகளுக்கு பில் போடுகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தார்கள். 'சேவ்' பட்டன் இருந்த இடத்தில் 'டெலிட்' வந்து உட்கார்ந்துகொண்டது. டீ நேரத்தில் தினமும் அதைத் திட்டித் தீர்த்தவள் நான்தான்.

தேனியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த செல்வி, அதையே சாஃப்ட்வேர்காரர்களுக்கு எழுதி அனுப்பினாள். அடுத்த அப்டேட்டில், டெலிட்டை அழுத்தினால் 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்கும் மஞ்சள் பெட்டி வந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. புலம்பியது நான், கைதட்டல் அவளுக்கா? "எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குது, சனியன்" என்று அவள் காதில் விழும்படியே அந்தப் பெட்டியைத் திட்டினேன்.

போன வாரம் லாரி கேட்டில் நின்றது. டிரைவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். காலையிலிருந்து போட்ட பில் அத்தனையையும் டிக் செய்து சேவ் பண்ணப் போனேன். பழைய பழக்கத்தில் டெலிட்டை அழுத்திவிட்டேன். மஞ்சள் பெட்டி வந்து நின்றது. 'வேண்டாம்' கொடுத்தேன்.

பக்கத்து சீட்டிலிருந்து செல்வி கேட்டாள்: "அக்கா, அந்தப் பெட்டி தொல்லையா இருக்குன்னு சொன்னீங்கள்ல, எடுக்கச் சொல்லி எழுதட்டுமா?"

"இருந்துட்டுப் போகட்டும், விடு" என்றேன்.

இப்போதெல்லாம் டீ நேரத்தில் சாஃப்ட்வேரைப் பற்றி வாயே திறப்பதில்லை. எரிச்சல் வந்ததும் சீட்டிலிருந்தே சாஃப்ட்வேர்காரர்களுக்கு எழுதி அனுப்பிவிடுகிறேன், செல்வி காதில் விழுந்து அவள் முந்திக்கொள்வதற்குள்.