சட்டைப் பையில் ரோட்டர்

எங்கள் வீட்டில் ஒரு அமெரிக்கக் கார் இருந்தது என்று சொன்னால், நாங்கள் பெரிய பணக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். வீட்டைவிடக் கார்தான் நீளம். அப்பா ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி புது வண்டி வாங்கியபோது, கொழும்பிலிருந்து கப்பலில் வந்த அந்தப் பழைய எட்டு சிலிண்டர் வண்டியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பா அதைப் பரிசு என்றே நினைத்தார். ஊரில் அதற்குப் படகுக் கார் என்று பெயர்.

அந்த வண்டிக்கு உதிரிச் சாமான் எதுவும் இந்தப் பக்கம் கிடைக்காது. ரேடியேட்டர் ஒழுகினால் அம்மாவின் மஞ்சள்பொடி டப்பா காலியாகும். பெட்ரோல் டாங்கில் கசிவு கண்டால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பார். "குழம்புக்கு மஞ்சள் இல்ல. உங்க மூத்த பொண்டாட்டிக்கு மட்டும் குறைவில்லாம இருக்கு" என்பாள் அம்மா.

சாவி போடும் இடம் எப்போதோ கெட்டுப்போய்விட்டது. பட்டனை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் வண்டியைக் கிளப்பலாம். அதனால் வண்டியை நிறுத்தியதும் அப்பா பானட்டைத் தூக்கி, ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எட்டு சிலிண்டருக்கும் மின்சாரத்தைப் பங்கு வைத்துக் கொடுக்கிற, கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு அது. அது இல்லாவிட்டால் வண்டி முக்கி முனகுமே தவிர கிளம்பாது. காலையில் அதைத் துணியில் துடைத்து அப்பா கையில் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிற வண்டிக்கு அன்றாடச் சவாரி கட்டுப்படியாகாது. கல்யாணம்தான் பிழைப்பு. பூ கட்டி, மாப்பிள்ளையை உட்கார வைத்து, ரத வீதியைச் சுற்றி வந்தால் எங்கள் வீட்டில் பத்து நாளைக்கு அடுப்பு எரியும். மாப்பிள்ளை ஏறும் வண்டி என்பதால் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அதில் பிணம் ஏறக் கூடாது. ஒரு தடவை ஏறிவிட்டால், அப்புறம் எந்தக் கல்யாண வீட்டாரும் வாசலுக்கு வர மாட்டார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. ஆடித்தபசுக் கூட்டம் கலைந்திருந்தது. ஆவணியில் ஆறு முகூர்த்தங்களுக்கு வண்டி சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கோவில் யானை தென்னமட்டையை மிதித்துக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரமாகிவிட்டது. தெருவுக்குள் நுழைந்தால் ஒரே கூட்டம்.

எதிர்வீட்டு அத்தைக்கு முதல் நாளே பிரசவ வலி எடுத்திருந்தது. தறியில் மிஞ்சும் கலர் நூலையெல்லாம் சேர்த்து எனக்குச் சடைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறவள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ரத்தம் நிற்கவில்லை, உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸம்மா கைவிரித்துவிட்டாள். டாக்சி ஸ்டாண்டில் வண்டி இல்லை. இருந்தாலும் அத்தையால் உட்கார முடியாது. கட்டில் மாதிரி சீட் எங்கள் வண்டியில்தான் உண்டு.

அந்த வண்டிதான் கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது. பானட் திறந்து கிடந்தது. பிளக்குகள் எட்டும் கழற்றப்பட்டுச் சாக்கின்மேல் வரிசையாக இருந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து மாட்டினார். மாமா, அதாவது அத்தையின் புருஷன், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு கைகூப்பி நின்றார்.

"அண்ணாச்சி, எப்படியாவது கிளப்பிருங்க அண்ணாச்சி. அவளுக்குக் கண்ணு சொருகுது."

"பாக்கத்தானே செய்யுதேன் தம்பி. கிளம்ப மாட்டேங்கு" என்றார் அப்பா. தலையைத் தூக்கவில்லை.

மாமா உள்ளே ஏறிப் பட்டனை அமுக்கினார். வண்டி முனகி அடங்கியது. பக்கத்துத் தறிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, அந்தப் பெரிய வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. நான் அப்பாவின் சட்டையைப் பார்த்தேன். பையில் அந்தச் சின்னப் புடைப்பு தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்தானே, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா, ரோட்டர் உங்க சட்டைப் பையிலதானப்பா இருக்கு!"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் யாரோ, "பாவம், பதட்டத்துல அண்ணாச்சி மறந்துட்டாவ. பிள்ளைக்கு எம்புட்டு புத்தி பாரு!" என்றார்கள். மாமா என் கன்னத்தைத் தடவினார். அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை; அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்டரை மாட்டியதும் வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது. அத்தையைப் படுக்க வைத்துக்கொண்டு போனார்கள். தெருவே என்னைப் பாராட்டியது. நானும் நாலு பேரிடம் இன்னொரு முறை சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை வெயில் ஏறியபின் வண்டி திரும்பி வந்தது. அத்தை பின்சீட்டில்தான் இருந்தாள், வெள்ளைத் துணி மூடி. மானூர்க் குளத்தைத் தாண்டும்போதே மூச்சு நின்றுவிட்டதாம். பிள்ளையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டியில் கொண்டுபோகிறேன், உங்கள் வண்டியில் உயிர் போனதை நான் வெளியில் சொல்லமாட்டேன் என்று மாமா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அப்பா கேட்கவில்லை. ரத வீதி வழியாக, ஊர் பார்க்க மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியை விட்டு இறங்கி, வந்து கேட்டவர்களுக்கெல்லாம், "மானூர்லயே போயிட்டா. என் வண்டியிலதான்" என்று சத்தமாகச் சொன்னார்.

மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "ஒரு அரை மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரே அண்ணாச்சி!" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

ஆறு கல்யாணத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒவ்வொரு வீட்டாராக வந்து, காப்பி குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். அப்பா யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. தினமும் வண்டியைத் துடைத்தார், ஆயில் பார்த்தார், சும்மாவே ஓட விட்டு நிறுத்தினார். ரோட்டரை மட்டும் அதற்குப் பிறகு அவர் கழற்றவே இல்லை. காலையில் எனக்கு வேலையில்லாமல் போயிற்று.

கல்யாணம் போன கோபத்தில்தான் அப்பா பேசாமல் இருக்கிறார் என்று நான் நம்பினேன். ஒருநாள் துணிந்து பக்கத்தில் போய்க் கேட்டேன். "அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

அப்பா கையிலிருந்த கந்தையைக் கீழே வைத்தார். "நீ இன்னும் கொஞ்சம் வெள்ளன வந்திருக்கக் கூடாதா மக்கா" என்றார்.

நான் வருவதற்கு முன்பே அரை மணி நேரமாக, பையில் ரோட்டரை வைத்துக்கொண்டே, அப்பா அந்த எட்டுப் பிளக்குகளையும் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார் என்று அம்மா என்னிடம் சொன்னது, அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து. அதைக் கேட்ட அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ஒன்பது வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம், யானையை வேடிக்கை பார்த்து நின்றதற்காக அப்பா திட்டுகிறார் என்பதுதான். மறுநாளிலிருந்து மணி அடித்ததும் எங்கும் நிற்காமல் ஓடி வந்தேன். வண்டிக்கு அடியில் கிடக்கும் அப்பாவின் கால் பக்கம் மூச்சிரைக்க நின்று, "அப்பா, இன்னைக்கு வெள்ளனயே வந்துட்டேன்" என்பேன். அவர் வெளியே வந்து, கிரீஸ் படாத புறங்கையால் என் தலையைத் தடவிவிட்டு, மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விடுவார். அப்பாவுக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அந்த வருஷம் முழுக்க நான் ஓடி வந்துகொண்டே இருந்தேன்.