கிணற்று மலைப்பாம்பும் என் மாப்பிள்ளையும்

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். பேனாவை எடுத்தாலே அந்தத் தண்ணீர் கண்முன் வந்துவிடும். இப்போது கிணற்று மோட்டார் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று, பழனியாண்டவரைக் கும்பிட்டு எழுதுகிறேன்.

கன்னிவாடிப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டம். மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடியில் மாட்டியிருக்கும் புட்வாலில் அடைப்பு. நானும் என் தங்கை வீட்டுக்காரர் செல்வராசுவும் போனோம். இறங்கும் முன் கிணற்றுக்குள் நாலு கல் எறிவது எங்கள் வழக்கம். சாரை, தண்ணீர்ப்பாம்பு எதுவானாலும் பொந்துக்குள் ஓடிவிடும். அன்றும் எறிந்தோம். எதுவும் அசையவில்லை. ஒரு தவளைகூடத் துள்ளவில்லை.

"மாப்ளே, செத்த நேரம் பொறுங்க," என்றேன்.

"நீங்க சாமி கும்புட்டு முடிக்கங்குள்ள தக்காளி வத்தலாயிரும் மச்சான்!"

சிரித்துக்கொண்டே இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று துழாவினார். "இந்தா, எவனோ பழைய ரப்பர் ஓஸப் போட்டிருக்கான். அதான் அடைக்குது," என்று பிடித்து இழுத்தார்.

ஓஸ் அவரை இழுத்தது.

மலைப்பாம்பு. தொடைப் பருமன். கல் விழுந்தால் அது ஓடாது, அடியில் போய் அசையாமல் கிடக்கும். அது அன்று எங்களுக்குத் தெரியாது. கையையும் நெஞ்சையும் சேர்த்துச் சுற்றிவிட்டது. அவர் கத்தக் கத்த, மூச்சு வெளியேற வெளியேற, பிடி இறுகியது.

"அருவாள எறியவாப்பா? வெட்டுங்க!" மேலே தோட்டக்காரர் அலறினார்.

"வேணாம்ணே, வெட்டு மாப்ள மேல விழுந்துரும்! கயித்த விடுங்க!"

தண்ணீரில் குதித்தேன். தங்கையிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் மனதில். நடு உடம்பைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. வாலைத் தேடினேன். கல்லிடுக்கில் நுனி அகப்பட்டது. "முருகா, முருகா" என்று நுனியிலிருந்து பிரித்தேன். அவர் உதடு நீலம் பாய்ந்து, கண் செருகிவிட்டது. இரண்டாவது சுற்று கழன்றதும் இருமினார். பாம்பு மற்றதையும் விட்டுவிட்டு அடியில் இறங்கியது. அவரைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினோம்.

விலா எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் தங்கை அழுதபோது, "ஏ புள்ள, ஓஸுனு நெனச்சேன்ல," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வனத்துறை ஆட்கள் வந்தும் வெகுநேரம் கிணற்றில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுவரோரம் மூக்கு நுனி மட்டும் மேலே வந்து மூச்செடுத்தது. பாம்பைப் பிடித்து மலைக்காட்டில் விட்டார்கள்.

கல்லெறிந்த கையோடு இறங்காதீர்கள். தண்ணீர் தெளியும்வரை உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு நேரம் மூழ்கிக் கிடந்தாலும் மூச்சுக்கு மலைப்பாம்பு மேலே வந்தாக வேண்டும்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆளை விழுங்க வந்தது, பழிவாங்க வந்தது என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். அது கிடந்த இடத்தில் கிடந்தது. நாங்கள்தான் பிடித்து இழுத்தோம்.