கதவுக்குள் இருந்த சாக்கு

முருகண்ணா, நீ வாங்கி வைத்துவிட்டுப் போன புது ஸ்பீக்கரை மாட்ட இன்று தோப்பும்படிக் கடைக்குக் காரைக் கொண்டுபோனேன். கடைக்காரச் சேட்டன் கதவின் உள்பலகையைக் கழற்றியதும் ஈரச் சாக்கின் வாசனை வந்தது.

நீ இந்தப் பழைய காரை வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. காரோடு வந்த கம்பெனி ஸ்பீக்கரில் பாட்டு போட்டால் கதவு தடதடவென்று அதிரும். மட்டாஞ்சேரிச் சரக்குக் கிட்டங்கியில் சுமை தூக்கிய அப்பாவிடம் ஒரு பயறுச் சாக்கு வாங்கி, மடித்து, அதிராமல் இருக்கக் கதவுக்குள்ளே திணித்தாய்.

"இது போதும்டீ, பாரு," என்றாய்.

மழைக்காலத்தில் சாக்கில் ஒட்டியிருந்த பயறு முளைத்து, கதவுக்கு அடியில் பச்சையாகத் தலை நீட்டியது.

"பாட்டு கேக்கவாடா கார் வாங்குன, பயிர் வைக்கவா?" என்று அம்மா சிரித்தாள். நீ சாக்கை உதறி, காயவைத்து, திரும்ப அங்கேயே வைத்தாய்.

"மோளே, இந்தச் சாக்கு எடுத்துக் களையட்டே? புது ஷீட் ஒட்டித் தரேன்," என்றார் சேட்டன்.

"வேண்டா சேட்டா. எங்கண்ணன் வச்சது. அவன் இப்ப இல்ல."

அவர் அதையே மடித்து வைத்து, ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டு போட்டார். நான் கதவில் கை வைத்துப் பார்த்தேன். அதிரவில்லை அண்ணா. அது போதும்தான்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எங்கள் முருகண்ணனுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.