ஒரே சஹனில் மூன்று கைகள்

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் கைலிக்கடை மீராசாவைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஜாலான் பெண்டஹாரா தெருவில் அவருக்குக் கடை. தலைமுறைகளாகத் தமிழ் மறந்துபோன செட்டி வீட்டுப் பெண்களிடம் மலாய், சீனர்களிடம் ஹொக்கியன், கப்பலில் வந்திறங்குபவர்களிடம் தமிழ் என்று பேசிச் சிரித்தே சரக்கைத் தள்ளிவிடுவார். தாய் தகப்பனை இழந்த அண்ணன் பிள்ளைகள் ஜொஹராவையும் ஷரீஃபுதீனையும் வளர்த்தவர் அவர்தான். வருகிறவள் பிள்ளைகளை எப்படி நடத்துவாளோ என்று பயந்து தானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போவார். வாழையிலையில் சுட்ட மீனை வாங்கி, முள்ளெடுத்து மாற்றி மாற்றி ஊட்டுவார்.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், பிள்ளைகள் சாச்சா என்று கூப்பிட்ட மீராசா மாறிப்போனார். சுவருக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றார். கடைக்கு வருபவர்களெல்லாம் தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள் என்று கதவை அடைத்தார். ஒருநாள் அம்மிக் குழவியைத் தூக்கி எறிந்ததில் ஷரீஃபுதீனின் நெற்றி பிளந்தது. மந்திரித்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் இதற்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது, அனுப்பிவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அக்காளும் தம்பியும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் சோறுதான். விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுவார். எலும்பும் தோலுமாகிவிட்டார். ஒரு நோன்புப் பெருநாளன்று பள்ளிவாசலிலிருந்து வந்த சோற்றைப் பெரிய சஹன் தட்டில் கொட்டி, அக்காளும் தம்பியும் இரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாச்சா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல வந்து உட்கார்ந்து, ஜொஹரா கை வைத்த இடத்திலிருந்தே ஒரு பிடி எடுத்தார். அன்று முதல் அந்த வீட்டில் தனித்தட்டு கிடையாது. சாச்சாவின் கடையைப் பார்த்துக்கொண்ட ஷரீஃபுதீன் மத்தியானம் அதை அடைத்துவிட்டு ஓடிவருவான். மூன்று பேரும் உட்கார்ந்தால்தான் அவர் வாய்க்குள் சோறு போகும்.

மூவாரிலிருந்து ஜொஹராவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. சாச்சாவை எங்காவது சேர்த்துவிட்டால் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஷரீஃபுதீன் அக்காளைக் கெஞ்சினான்.

"நீ கட்டிக்கிட்டுப் போ லாத்தா. சாச்சாவ நான் பாத்துக்கிறேன்."

"நீ மட்டும் உக்காந்தா அவரு தின்ன மாட்டாருடா," என்று ஜொஹரா பேச்சை முடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சம்பந்தம் பேச யாரும் வரவில்லை.

வருஷங்கள் போயின. சாச்சாவின் தாடி வெளுத்தது, கை நடுங்கியது. சுவருக்குள்ளிருந்த ஆட்கள் மட்டும் போகவில்லை. ஒரு மழைநாள் ஜொஹரா அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் அவள் நரைத்த தலையைத் தொட்டார். பழைய கடைக்காரரின் குரலில் கேட்டார்.

"ஜொஹரா, ஒனக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்கலயே?"

இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் தன் பெயரைச் சொல்லிக் கேட்டதில் அவள் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்களுந்தான் பண்ணிக்கல சாச்சா."

அவர் சிரித்தார். மாலை அசர் பாங்கு சொல்வதற்குள் மறுபடியும் சுவரோடு சண்டைக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை ஜொஹரா தம்பியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல அவன் கேட்டான்.

அடுத்த வருஷம் சாச்சா மவுத்தாகிவிட்டார். வீடு அமைதியானது. அந்த அமைதியை அவர்கள் இருவராலும் தாங்க முடியவில்லை.

ஷரீஃபுதீனுக்கு நாற்பதைத் தாண்டியபின் புக்கிட் காதிலில் ரஹீமா என்ற விதவையைப் பேசினார்கள். மறைத்துச் செய்யக்கூடாது என்று ஜொஹராவே போய், சாச்சாவைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். ரஹீமா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளறைக் கதவைத் திறந்து காட்டினாள். மூலையில் ஒரு கிழவி தலைமுடியைப் பிய்த்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பெரியம்மா. இவங்கள உட்டுட்டு நான் வர முடியாது. அதச் சொன்னா வந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிடுவாங்க."

ஜொஹரா எழுந்து போகவில்லை. கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒன்னோடயே கூட்டிக்கிட்டு வா. சாச்சாவோட அறை சும்மாதான் கிடக்குது," என்றாள்.

நிக்காஹ் முடிந்து பெரியம்மாவும் காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தாள். சோற்றுக்கு அவள் பயப்படவில்லை. கண்ணாடியைக் கண்டால்தான் அலறினாள். ஜொஹரா கூடத்துச் சுவரிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டாள். ரஹீமா தலைவாரும்போது வகிடு நேராக இருக்கிறதா என்று ஜொஹராவைத்தான் கேட்பாள்.