சோப்பு நுரையை இழுத்த குழாய்

கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் என் மகனுடைய கார், நின்ற இடத்தில் உதறி உதறி அணைந்துபோனது. பிளக் மாற்றியும் தீரவில்லை. இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகாவிட்டால் அந்த வேலை வேறு வண்டிக்குப் போய்விடும். என்னால் உட்காரவே முடியவில்லை. இன்ஜின் ஓடும்போது உள்ளே ‘உஸ்’ என்று கேட்டது. நான் முன்பு வேலைபார்த்த கம்பெனியில் காற்றுக் குழாய் ஓட்டைகளைச் சோப்பு நுரை தடவியே கண்டுபிடித்தவள். நுரை கலக்கி வந்தேன்.

“இன்னாம்மா, காருக்குத் தலைக்கு ஊத்தப் போறியா?” என்றான் மகன்.

“பேஜாரு பண்ணாத, நவுரு” என்று அவனை ஒதுக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுக் குழாய்களில் நுரையைத் தடவினேன்.

ஓட்டை இருந்தால் நுரை கொப்பளிக்கும் என்று நினைத்தேன். இன்ஜின் காற்றை உறிஞ்சும் ஒரு ரப்பர் குழாயின் வளைவிலோ அது உள்ளே இழுபட்டது. உதறலும் சற்று அடங்கியது. அங்கே விரிசல்; அதை நுரை அடைத்ததால்தான் அடங்கியிருக்கிறது. மகன் ஓடிப்போய் வேறு குழாய் வாங்கிவந்து மாட்டினான். ஒன்றரைக்குக் கார் உதறாமல் கிளம்பியது. அது தெருமுனை திரும்பும்வரை நான் கைகூடக் கழுவவில்லை.